கீமோவுக்குப் பயந்து அறுவையைத் தள்ளிவைத்த தம்பதிக்கு: மாற்று மருத்துவம், அளவெடுப்பு, வெளிநாட்டுச் சிக்கல்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். கணவனும் மனைவியும் வெளிநாட்டில் வசிக்கிறார்கள், பக்கத்தில் உறவினர் யாரும் இல்லை. மனைவிக்கு வயது 54, மாதவிடாய் நின்றுவிட்டது. மார்பில் 28 மி.மீ. கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் பாசிட்டிவ், ஹெர்2 என்ற புரதம் நெகட்டிவ். அக்குளில் நெறிக்கட்டு எதுவும் ஸ்கேனில் தெரியவில்லை. கீமோவை நினைத்துப் பயந்து அறுவையையும் சேர்த்துத் தள்ளிவைத்துவிட்டு, மூன்று மாதமாகச் சாறு உணவு, மஞ்சள் காப்ஸ்யூல், வைட்டமின் சி டிரிப் என்று போய்க்கொண்டிருக்கிறார்கள். "இதை இங்கிருந்தபடியே எப்படி நடத்துவது, எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?" என்று கணவர் கேட்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் ரிப்போர்ட், குணமாக்கக்கூடிய நோயின் ரிப்போர்ட். அதனால்தான் இந்த மூன்று மாதம் எனக்குக் கவலையாக இருக்கிறது. முற்றிப்போன நோயில் மாற்று மருத்துவம் எடுத்தால் இழப்பது பெரும்பாலும் பணமும் நிம்மதியும். உங்கள் மனைவியின் நிலையில் இழப்பது குணமாகும் வாய்ப்பு. அமெரிக்க நோயாளிகளின் பதிவேட்டை வைத்து யேல் பல்கலைக்கழகக் குழு செய்த ஆய்வு 2018இல் வெளியானது. பரவாத நிலையில் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்த 560 பேரோடு அதில் ஒப்பிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் 5.68 மடங்கு. நல்ல சிகிச்சை எந்த நோய்க்கு இருக்கிறதோ அந்த நோயில்தான் அதைத் தவிர்ப்பதன் விலையும் அதிகம். தாமதத்தைப் பற்றித் தனியாக ஒரு கணக்கும் உண்டு: 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வின்படி, அறுவை ஒவ்வொரு 4 வாரம் தள்ளிப்போகும்போதும் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது. போன மூன்று மாதம் போகட்டும். அடுத்த மூன்று மாதம் உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் கேள்வியில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: கீமோ. அறுவையைப் பற்றி நீங்கள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. பயம் கீமோ ஒன்றின் மேல் இருக்க, தள்ளிவைத்தது அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றையுமே. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வகைக் கட்டிக்குக் கீமோ தேவையே இல்லாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. கட்டியின் திசுவில் 21 ஜீன்களை அளந்து 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் தரும் சோதனை உண்டு, பெயர் ஆன்கோடைப் டிஎக்ஸ். 2018இல் முடிவு வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வில், நெறிக்குப் பரவாத, ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் கட்டி உள்ளவர்களில் மதிப்பெண் 11 முதல் 25 வரை இருந்தவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஹார்மோன் மாத்திரையோடு கீமோவைச் சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. வயதிலும் கட்டியின் வகையிலும் உங்கள் மனைவி இந்தக் குழுவில்தான் வருகிறார், மதிப்பெண் மட்டும்தான் தெரிய வேண்டும். பயாப்ஸியில் எடுத்த திசுவிலேயே இந்தச் சோதனையைச் செய்ய முடியும், அறுவை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மார்பை முழுதாக எடுக்க வேண்டுமே என்ற பயம் இருந்தால் அதற்கும் பதில் உண்டு. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பு முழுவதையும் எடுத்தாலும் உயிர் பிழைக்கும் விகிதம் ஒன்றே. 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் 2002இலேயே இதைக் காட்டிவிட்டன. கதிர்வீச்சு என்றால் ஆறு வாரம் தினமும் போக வேண்டும் என்பது பழைய கதை. 2020இல் வந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வுக்குப் பிறகு, தகுதியானவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தடவையாக மொத்தம் 26 கிரே (கதிர்வீச்சின் அலகு) கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் லீவு, விசா, துணைக்கு ஆளில்லாமை என்று தவிக்கும் இருவருக்கு இது பெரிய வித்தியாசம். "ஒரு வாரத் திட்டம் எங்களுக்குப் பொருந்துமா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் அவர்களாகச் சொல்வதில்லை.

அப்படியும் அறுவைக்கு உடனே மனம் வரவில்லை என்றால், சும்மா இருப்பதைவிட ஒரு நடுவழி இருக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மருந்தை 2.5 மி.கி. தினம் ஒரு மாத்திரை கொடுத்து, சில மாதங்களில் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவைக்குப் போவது வழக்கத்தில் உள்ள முறை. ஊசி கிடையாது, கீமோவில் போல முடி முழுவதும் கொட்டாது. மூட்டுவலியும் எலும்புத் தேய்மானமும் வரக்கூடும். இதைப் புற்றுநோய் மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும். ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

இனி இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் பொருட்களுக்கு வருவோம்.

மூன்றில் எனக்கு அதிகம் கவலை தருவது வைட்டமின் சி டிரிப். டிரிப் போடுவதற்கு முன் ஜி6பிடி என்ற இரத்தப் பரிசோதனை செய்தார்களா? அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் சி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்தார்களா? வைட்டமின் சி உடலில் ஆக்ஸலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படியும், ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அதைச் செயலிழக்கவும் வைக்கும். இந்த இரண்டையும் பார்க்காமல் டிரிப் ஏற்றும் இடம் எதுவாக இருந்தாலும், அங்கே அடுத்த டிரிப் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் இன்னொரு ஆபத்து. டிரிப்புக்குப் பிறகு, விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர்களில் பல சர்க்கரையைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அந்த நாட்களில் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்துப் பார்த்தால்தான் சரியான எண் தெரியும்.

மஞ்சள் காப்ஸ்யூலைச் சமையலில் போடும் மஞ்சளோடு ஒன்றாக நினைக்கக் கூடாது. மஞ்சளிலுள்ள குர்குமின் குடலில் சரியாக ஏறாது. அதை ஏற்றுவதற்காக மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்க்கிறார்கள். அந்தப் பைப்பரின் மற்ற மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்தையும் மாற்றிவிடும். தமொக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை எடுப்பவர்களுக்கு குர்குமினும் பைப்பரினும் சேர்த்துக் கொடுத்தபோது, அந்த மாத்திரையின் எண்டாக்சிஃபென் என்ற வேலைசெய்யும் வடிவம் இரத்தத்தில் குறைந்ததை அளந்திருக்கிறார்கள். காப்ஸ்யூலால் மஞ்சள்காமாலையோடு கல்லீரல் பாதிப்பு வந்தவர்களும் பதிவாகியிருக்கிறார்கள். டப்பாவைக் கையில் எடுத்து லேபிளைப் பாருங்கள். குர்குமின் எத்தனை மி.கி., பைப்பரின் எத்தனை மி.கி. என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறதா, அல்லது "சிறப்புக் கலவை" என்று மொத்தமாக ஒரே எண்ணா? மொத்த எண் மட்டும் இருந்தால் நீங்கள் என்ன விழுங்குகிறீர்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தொடரத்தான் போகிறீர்கள் என்றால் இன்று ஒருமுறை, 4 வாரம் கழித்து ஒருமுறை ஏஎல்டி, ஏஎஸ்டி, பிலிருபின் என்ற கல்லீரல் பரிசோதனைகளைப் பாருங்கள். கிரீன் டீ சாற்று மாத்திரை இருந்தால் அதற்கும் இதே விதி. அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் நாளைக்கு 800 மி.கி.யைத் தொட்டாலே கல்லீரல் நொதிகள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது.

சாறு உணவு. காய்கறியோ பழமோ கெடுதல் அல்ல. கெடுப்பது சாற்றை மட்டுமே நம்புவது. கெர்சன் முறையைப் பின்பற்றினால் ஒரு நாளைக்கு 13 கோப்பைச் சாறு, பொட்டாசியம் சேர்ப்பு, காபி எனிமா. எனிமாவால் உடலின் உப்புச் சமநிலை குலைந்து இறந்தவர்கள் உண்டு, குடலில் தொற்று வந்தவர்கள் உண்டு. எனிமா நடக்கிறதென்றால் இன்றோடு நிறுத்துங்கள், இதில் நடுவழி கிடையாது. புரதம் குறைவது மெதுவாக நடக்கும் கேடு. புற்றுநோய் உள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 60 முதல் 90 கிராம். சாற்றில் அது கிடைக்கவே கிடைக்காது. வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதுங்கள். முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் 5 சதவீதம் இறங்கினால் அது எச்சரிக்கை. "உடம்பு சுத்தமாகிறது" என்று யாராவது விளக்கம் சொன்னால் நம்பாதீர்கள், கரைவது தசை. அறுவைக்குப் பின் புண் ஆறுவது அந்தத் தசையையும் புரதத்தையும் நம்பித்தான்.

இன்னும் நீங்கள் தொடாத சிலவற்றை யாராவது சிபாரிசு செய்வார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். பாதாம் இன மரங்களின் கொட்டையிலிருந்து வரும் லேட்ரில், "பி17" என்ற பெயரில் விற்பது: 1982இல் 178 நோயாளிகளிடம் சோதித்து, பலன் இல்லை என்றும் சிலரின் இரத்தத்தில் சயனைடு ஏறியது என்றும் வெளியிட்டார்கள். வைட்டமின் சியோடு சேரும்போது சயனைடு இன்னும் அதிகமாக வெளிப்படும், ஆகவே உங்கள் வீட்டில் இது இரட்டை ஆபத்து. தோலில் தடவும் கருப்புக் களிம்பு நல்ல தோலையும் சேர்த்து எரிக்கும், மேலே தழும்பு மூடியபின் அடியில் கட்டி வளரும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை மனச்சோர்வுக்கு நல்லது என்று தருவார்கள். அது கல்லீரல் நொதியைத் தூண்டிப் பல புற்றுநோய் மருந்துகளை வேகமாக வெளியேற்றிவிடும். இரினோடீகன் என்ற கீமோ மருந்து எடுத்தவர்களிடம் அதன் வேலைசெய்யும் வடிவம் 42 சதவீதம் குறைந்தது. பற்பம், செந்தூரம் போன்ற உலோகச் சேர்க்கை மருந்துகளை இணையத்தில் வாங்க வேண்டாம். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

மூலிகை எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின், பசிபிக் யூ மரப் பட்டையிலிருந்து பக்ளிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்துகள் வந்தன. ஆர்சனிக்கைக்கூடச் சோதித்து, அளவு கண்டு, ஒரு வகை இரத்தப் புற்றுநோயைக் குணமாக்கும் மருந்தாக்கினார்கள். சோதனையைத் தாண்டிய மூலிகை மருந்தாகிவிட்டது. உங்கள் மனைவிக்கு நேரடியாக உதவக்கூடியவையும் உண்டு: லெட்ரோசோல் வகை மாத்திரைகளால் வரும் மூட்டுவலிக்கு அக்குபஞ்சர், தூக்கத்துக்கும் சோர்வுக்கும் யோகா, தினசரி நடை. மூன்றுக்கும் முறையான ஆய்வு இருக்கிறது, மூன்றையும் சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம். மாற்று மருத்துவத்தை விட்டால்தான் மருத்துவமனை ஏற்கும் என்று நினைத்து ஒதுங்கியிருந்தால், அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேசையில் வையுங்கள். பட்டியல் எழுதிக்கொண்டு போனால் பாதி விடுபடும். "இவற்றை எடுக்கிறோம். எதை நிறுத்த வேண்டும், ஏன் என்று சொல்லுங்கள்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஜின்கோ, பூண்டு மாத்திரை ஆகியவற்றை நிறுத்தச் சொல்வார்கள், அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். முடிக்கென்று பயோட்டின் எடுத்தால் அதையும் சொல்லுங்கள், ஹார்மோன், தைராய்டு, இதயப் பரிசோதனைகளை அது பொய்யாக்கும்.

அளவெடுப்பு. மாற்று மருத்துவத்தில் இருப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். "மிருதுவாகிவிட்டது", "வலி குறைந்தது" என்பவை அளவு அல்ல, ஆரம்பத்திலும் பெரும்பாலான கட்டிகள் வலிப்பதில்லை. பயாப்ஸி எடுத்தவுடன் உள்ளே இரத்தம் உறைந்து, கட்டி பெரிதாகத் தோன்றும், ஆறேழு வாரத்தில் அந்த இரத்தம் வற்றும். அதற்குள் என்ன குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். உடல் வெப்பத்தைக் காட்டும் தெர்மோகிராபி படம், ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் காட்டும் "நேரடி இரத்தச் சோதனை" இரண்டையும் நோயின் அளவாக ஏற்காதீர்கள். சிஏ 15-3 இரத்தக் குறியீடும் ஆரம்ப நிலையில் நம்பகமானதல்ல, பலருக்கு அது கட்டி இருக்கும்போதே சாதாரணமாக இருக்கும்.

இந்த வாரமே அல்ட்ராசவுண்ட் எடுங்கள். முதலில் எடுத்த அதே இடம், முடிந்தால் அதே மருத்துவர். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து நீளவாட்டில் அதிகபட்ச அளவை மி.மீ.யில் எழுதச் சொல்லுங்கள். 2, 3 மி.மீ. வித்தியாசம் கை வேறுபாட்டிலேயே வரும். எனவே 28 ஆக இருந்தது 26 ஆனால் அது வெற்றி அல்ல. புற்றுநோய் ஆய்வுகள் பயன்படுத்தும் விதி: 30 சதவீதம் குறைந்தால்தான் சுருங்கியதாகக் கணக்கு, 20 சதவீதமும் குறைந்தது 5 மி.மீ.யும் கூடினால் வளர்ந்ததாகக் கணக்கு. உங்களுக்கு அந்த எண்கள் 19.6 மற்றும் 33.6. 34 என்று வந்தால் "ஆறு மில்லிமீட்டர்தானே" என்று தோன்றும். விட்டத்தில் 6 மி.மீ. கூடினால் கன அளவில் கட்டி ஏறக்குறைய 80 சதவீதம் பெரிதாகிவிட்டது என்று பொருள். அக்குளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நெறியில் புதிதாக ஒன்று தெரிந்தால் மார்புக் கட்டி அப்படியே இருந்தாலும் நிலைமை மாறிவிட்டது. என்ன எண் வந்தால் எந்தத் தேதிக்குள் அறுவை என்பதை ஸ்கேனுக்குப் போவதற்கு முன்பே இருவரும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு முடிவெடுக்க உட்கார்ந்தால் பயம் புதிதாக ஒரு காரணம் கண்டுபிடிக்கும். என்னைக் கேட்டால், 28 அப்படியே இருந்தாலும் தேதி நான்கு வாரத்துக்குள் இருக்க வேண்டும். வளராமல் இருப்பது காத்திருக்கக் கிடைத்த அனுமதி அல்ல.

வெளிநாட்டு விஷயங்களில் முக்கியமானவை சில. ரிப்போர்ட்டின் போட்டோ போதாது. பேத்தாலஜி ரிப்போர்ட் முழுவதும், பயாப்ஸித் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுப் பிளாக் எந்த ஆய்வகத்தில் என்ன எண்ணில் இருக்கிறது என்ற விவரம், ஸ்கேன் படங்கள் டைகாம் என்ற மருத்துவப் பட வடிவில் ஒரு டிஸ்க்கிலும் இன்னொரு பிரதியிலும் வேண்டும். ஜீன் சோதனைக்கும் இரண்டாம் கருத்துக்கும் அந்தப் பிளாக்தான் தேவை. அதை எந்தக் காரணத்துக்கும் வெயிலில் கிடக்கும் பார்சலில் அனுப்பாதீர்கள், மெழுகு இளகினால் திசு கெடும். பின்னால் கதிர்வீச்சு நடந்தால் மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தடவை, எந்தப் பகுதி என்ற சுருக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நாடு மாறினால் அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்சூரன்ஸ் பாலிசியில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: மருத்துவர் சொன்ன சிகிச்சையை நோயாளி மறுத்தால் என்ன ஆகும், மாற்று மருத்துவத்தால் வரும் சிக்கலுக்குச் செலவு தருவார்களா. பாலிசியோ விசாவோ எப்போது முடிகிறது என்பதையும் பாருங்கள். நோய் தெரிந்த பிறகு புதிய பாலிசி எடுத்தால் அதை முன்பே இருந்த நோய் என்று ஒதுக்கிவிடக்கூடும், அதனால் இருக்கும் பாலிசி இருக்கும்போதே சிகிச்சை தொடங்குவது புத்திசாலித்தனம். வேறொரு நாட்டிலுள்ள மாற்று மருத்துவ மையத்துக்குப் போகும் யோசனை இருந்தால், அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது, எத்தனை நிமிடம்? பதில் தெளிவாக வராவிட்டால் முன்பணம் கட்டாதீர்கள்.

அவருக்கு நினைவு தப்பினால் யார் முடிவெடுப்பது என்பதை நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டப்படி எழுதி வையுங்கள். கணவன் என்பதாலேயே எல்லா நாட்டிலும் அந்த உரிமை தானாக வந்துவிடாது. திருமணச் சான்றிதழுக்கு, வெளிநாட்டில் அதை ஏற்க வைக்கும் அப்போஸ்டில் முத்திரையும் அங்குள்ள மொழியில் மொழிபெயர்ப்பும் இப்போதே வாங்குவது நல்லது. மருத்துவமனையில் மொழி புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், நீங்களே மொழிபெயர்க்காதீர்கள். கெட்ட செய்தியைக் கணவன் மொழிபெயர்க்கும்போது பாதி தொண்டையிலேயே நின்றுவிடும், மனைவி பாதியைக் கேட்டு முடிவெடுப்பார்.

ஒருவேளை பின்னால் கீமோ தேவைப்பட்டால் வீட்டில் ஒரு நல்ல தெர்மாமீட்டர் இருக்கட்டும். ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ், அல்லது ஒரு மணி நேரம் தொடர்ந்து 38.0 இருந்தால் காய்ச்சல் மாத்திரை போட்டுப் பார்க்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவு. ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். கீமோவில் இருப்பதைக் காட்ட மருத்துவமனை தரும் அட்டையைப் பர்ஸில் வைத்திருந்து வாசலிலேயே காட்டுங்கள்.

கடைசியாக, இதைக் கேட்டது நீங்கள்தான், அவர் அல்ல. மாற்று மருத்துவம் அவருடைய விருப்பமா, அல்லது உங்கள் நம்பிக்கைக்காக அவர் ஒத்துப்போகிறாரா என்பது எனக்குத் தெரியாது. இருவரும் தனியாக உட்கார்ந்திருக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கீமோ வேண்டாம் என்று அந்தச் சோதனை சொன்னால், கட்டியை எடுக்கச் சம்மதமா?" கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கும் வரை நடுவில் எதுவும் சொல்லாதீர்கள். சம்மதம் என்றால் மறுநாள் காலை முதல் வேலை, மருத்துவமனைக்குப் போன் செய்து பிளாக் எண்ணைச் சொல்லி, ஜீன் சோதனைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்பது. இல்லை என்றால் அவர் பயம் கீமோ அல்ல, வேறு ஏதோ ஒன்று. அது மயக்க மருந்தா, உடம்பு மாறிவிடும் என்பதா, அவருக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் மரணமா என்று தெரிந்துகொண்டு, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதை மட்டும் பேசச் சொல்லி நேரம் வாங்குங்கள்.